நீலப் புள்ளி நின்ற இடம்

"யோசெப் அண்ணை, ஒருத்தன் ஒவ்வொரு நாளும் சேமக்காலையிலை போய் நிண்டா என்ன அர்த்தம்?"

தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன யோசெப் அப்படியே நிறுத்தினார். "செத்தவை ஆரோ அந்தக் கல்லறையளிலை கிடக்கினம் எண்டு அர்த்தம். ஏன், ஆர் நிக்கிறது?"

அரியரத்தினம் போனை மேசையில் அவர் பக்கம் தள்ளினார். திரையில் பிரான்ஸ் நாட்டு வரைபடம். வயல்களுக்கு நடுவே வளைந்து போகும் ஒற்றைத் தெருவில் ஒரு நீலப் புள்ளி மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.

"மிதுசனோ?"

"ம்."

"மகனோடை கதைக்க மாட்டன் எண்டு சொல்லிப்போட்டு, களவா வேவு பார்க்கிறீரோ?"

"அவன் சைக்கிள் ஓடுறதைக் காட்டுற ஆப் இது. ஆரும் பார்க்கலாம். நான் என்ரை பேரைக் குடுக்கேல்லை. ஜில் ட்ரெம்ப்ளே எண்டு ஒரு வெள்ளைக்காரன்ரை பேரைப் போட்டன். படம் ஒண்டு கேட்டுது, போனிலை கிடந்த ஒண்டைப் போட்டுவிட்டன். அவனுக்கு எங்கை தெரியப்போகுது?"

யோசெப் வாய்விட்டுச் சிரித்தார். அரியரத்தினம் சிரிக்கவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன், இங்கே லொங்குய் நகரில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, சஜிதாவைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் பிரான்சுக்குப் போகப்போவதாக மிதுசன் சொன்னான். "சிலுவை போடுற வேதக்காரியைக் கட்டினா இனி எனக்குப் போன் எடுக்காதை. எடுத்தாலும் தூக்க மாட்டன்" என்றார் அரியரத்தினம். மகன் ஆறு மாதம் விடாமல் எடுத்தான். இவர் தூக்கவில்லை. பிறகு போன் அடிப்பது நின்றுவிட்டது.

மனைவி இறந்து ஐந்து வருடம். நகரத்து ஓரத்தில், இல்-பிசார் தீவில் மூன்று அறை வீடு, ஒரு ஆள். வாசலில் நின்றால் பஸ் கூட எப்போதாவதுதான் போகும்.

அதனால் காலையில் எழும்பியதும் நீலப் புள்ளியைத் தேடுவார். புள்ளி போகும் தெருவைக் கணினியில் படமாகத் திறந்து, மவுஸை உருட்டி உருட்டிப் பின்னாலேயே போவார். சூரியகாந்தி வயல், கல்வீடுகள், எண்ணூறு வருடத்துத் தேவாலயம், அடைத்த ஜன்னல்கள். தெருவில் ஒரு சனம் இராது. அந்த ஊர்கள் எல்லாம் அவருடைய வீட்டைப் போலவே இருந்தன. மகன் ஓடி முடித்ததும் ஜில் ட்ரெம்ப்ளே ஒரு பெருவிரல் அடையாளத்தைத் தட்டிவிடுவார். அவருக்கும் மகனுக்கும் இருந்த தொடர்பு அவ்வளவுதான்.

"பதினெட்டு நாளா இப்பிடித்தான் அண்ணை. எந்த ஊருக்குப் போனாலும் சேமக்காலைக்குள்ளை போய் இருவது நிமிசம் நிக்கிறான். செத்த வீட்டுக்குப் போட்டு வந்தா முழுகாமல் ஒருத்தரையும் வாசல்படி ஏற விடாத ஆள் நான். அது தெரிஞ்ச பிள்ளை ஏன் இப்பிடித் திரியுது?"

"செத்தவைக்காக எண்டா ஒரே இடத்துக்கெல்லோ போவான்?"

"அதுதான் பயமாக் கிடக்கு." அரியரத்தினத்தின் குரல் இறங்கியது. "இடம் பார்க்கிறானோ? அவன் கட்டின பிள்ளைக்கு ஏதும் வருத்தம் வந்து, டொக்டர்மார் கையை விரிச்சுப்போட்டினமோ?"

யோசெப்பின் முகத்திலிருந்த சிரிப்புப் போய்விட்டது. "அவனுக்குப் போன் எடும் அரியம்."

"நான் சொன்ன சொல்லு..."

"என்ன பெரிய சொல்லு? என்னோடை இருந்து தேத்தண்ணி குடிக்கலாம், என்ரை ஆக்களிலை பொம்பிளை எடுக்கக் கூடாது. அதுதானே உம்மடை சொல்லு? எடும் இப்ப!"

அந்த நேரம் நீலப் புள்ளி ஒரு தேவாலயத்தைத் தாண்டியது. இடது பக்கம் திரும்பியது. நின்றது.

யோசெப் வரைபடத்தைப் பெரிதாக்கினார். மதில். மதிலுக்குள்ளே வரிசை வரிசையாகக் கல்லறைகள்.

அரியரத்தினம் போனைப் பிடுங்கி நம்பரை அழுத்தினார். ஒரு மணிதான் அடித்தது.

"அப்பா?" மூச்சு வாங்கும் குரல். பின்னால் தண்ணீர் விழும் சத்தம்.

"சஜிதாவுக்கு என்னடா?"

அந்தப் பெயரை அவர் வாய் சொன்னது அதுதான் முதல் தடவை.

"சஜிதாவுக்கோ? ஒண்டுமில்லையே. காலமையும் குப்பை கொண்டுபோய்ப் போடேல்லை எண்டு என்னோடை சண்டை பிடிச்சவ."

"அப்ப நீ ஏன் சேமக்காலையிலை நிக்கிறாய்?"

"தண்ணி பிடிக்கிறன் அப்பா. இந்தச் சின்ன ஊருகளிலை கடையெல்லாம் பூட்டு. ஆனா சேமக்காலையிலை பூவுக்கு ஊத்த எண்டு ஒரு பைப் இருக்கும். சைக்கிள்காரர் எல்லாரும் அங்கைதான் போத்தல் நிரப்புறது."

அரியரத்தினம் கதிரையில் சாய்ந்தார். எதிரே யோசெப் சிலுவை போட்டுவிட்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

"இல்லை... எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் சொன்னவர்..."

"ஆர், ஜில் ட்ரெம்ப்ளேயோ? நல்லூர்க் கோயில் கோபுரத்தைத் தன்ரை படமாப் போட்டிருக்கிறாரே, அவரோ?"

அரியரத்தினத்துக்குக் காது சுட்டது. வெட்கத்தை மறைக்கக் குரலை உயர்த்தினார். "சரி சரி. ஒரு போத்தல் நிரப்ப இருவது நிமிசமோடா?"

மறுபக்கம் பைப் பூட்டப்படும் சத்தம் கேட்டது.

"ஒரு நிமிசம் போதும் அப்பா. ஒவ்வொரு நாளும் மிச்சப் பத்தொன்பது நிமிசமும், நீங்கள் பயந்துபோய் எடுப்பியள் எண்டு போனைப் பார்த்துக்கொண்டு நிண்டனான்."