டார்ச்சின் சம்பளம்

தமயந்தியின் கைபேசியில் டார்ச் செயலி ஒன்று இருந்தது. மின்சாரம் போனாலும் கட்டிலுக்கடியில் கம்மல் உருண்டாலும் அதைத்தான் கூப்பிடுவாள். விளம்பரத்தை நீக்க ஒரே தடவை முப்பது ரூபாய் கேட்டுப் பார்த்தது. "வெளிச்சத்துக்கெல்லாமா காசு?" என்று தள்ளிவிட்டாள்.

பக்கத்திலேயே யோகா செயலி. ஜனவரியில் ஒருநாள் திறந்ததோடு சரி. மாதம் முந்நூறு ரூபாய் சந்தா மட்டும் அதற்குத் தானாகப் போய்க்கொண்டிருந்தது.

"எப்படிண்ணே?" என்று கேட்டது டார்ச்.

"நீ கூப்பிட்டதும் ஓடுறே. நான் இருக்கிறதே அவளுக்கு ஞாபகம் இல்லை. அதுதான் தம்பி தொழில்."

மார்ச்சில் கல்யாணப் படங்களுக்கு இடம் போதவில்லை. "சந்தாவும் ஒழிஞ்சுது" என்று தமயந்தி யோகாவை அழித்தாள். டார்ச்சுக்கு வருத்தம்தான், உள்ளுக்குள் கொஞ்சம் திருப்தியும்.

ஒன்றாம் தேதி செய்தி வந்தது: "உங்கள் யோகா சந்தா புதுப்பிக்கப்பட்டது. நன்றி." அவள் படிக்காமலே ஒதுக்கினாள். டார்ச் இரண்டு தரம் படித்தது.

மறுநாள் விளம்பரத்தால் எரிச்சலாகி, அவள் டார்ச்சையே அழுத்திப் பிடித்தாள். "அழிக்கவா?" என்றது கைபேசி.

டார்ச் பதறவில்லை. உழைத்த காலம் முடிந்தது, இனிமேல்தான் சம்பளம் என்று நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டது.