இஞ்ஞாசிக்கு ஒரு பூசை

பெட்டியைக் கவிழ்த்ததும் இருபது முப்பது சீட்டுகள் மேசையில் விழுந்தன.

நான் கோவிலைக் கூட்டித் துடைக்கிறவள். இன்ன கருத்துக்காகப் பூசை வைக்க வேண்டும் என்று சனங்கள் எழுதிப் பெட்டியில் போடும் சீட்டுகளைப் பிரித்து நோட்டில் எழுதுவது உபதேசியார் அம்புரோஸ் அண்ணாச்சியின் வேலை. காலையில் அவர் வண்டியோடு சறுக்கி விழுந்து முழங்கையைப் பேர்த்துக்கொண்டார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பங்குச்சாமி என்னை எழுதச் சொல்லிவிட்டார்.

நல்லதுதான். வீட்டில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பதற்கு இது தேவலை.

என் மகன் செல்வினைக் காணவில்லை. இன்றோடு பதினோரு நாள்.

பத்தொன்பது வயது. போன மாதம் பிறந்தநாளுக்கு வாளால் கேக் வெட்டி, அதை ரீல்ஸில் வேறு போட்டான். கூட ஆறேழு பேர், எல்லாம் மீசை சரியாக முளைக்காத பயல்கள். அதற்குக் கீழே எவனோ எதையோ எழுத, இவன் பதிலுக்கு எழுத, கூட்டம் இரண்டாகப் பிரிந்து உப்பளத்து ரோட்டில் வெட்டு குத்து வரை போயிருக்கிறது. இந்தக் கூத்தெல்லாம் அவன் காணாமல் போன பிறகுதான் எனக்குத் தெரியும். பெற்றவளுக்குத்தான் எல்லாம் கடைசியில் தெரிகிறது.

ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். எங்காவது ஒளிந்திருப்பான் என்கிறார்கள். அவன் அப்பா தோணியில் மாலத்தீவுக்குப் போயிருக்கிறார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. எப்போது வரும் என்று தெருவே காத்திருக்கிறது.

நோட்டின் இடது பக்கம் இறந்தவர்களுக்கு. வலது பக்கம் உயிரோடு இருப்பவர்களின் வேண்டுதல்களுக்கு. வலது பக்கத்து முதல் வரியில் ‘செல்வின் நல்லபடியாக வீடு திரும்ப’ என்று எழுதினேன். எழுதுகிறவளுக்கு இந்தச் சலுகைகூட இல்லையா?

பிறகு மற்றவர்களுடையது. குவைத் விசா. விசைப்படகுக்கு மீன்பாடு. மருமகள் வாய் அடங்க. ஒரு மகராசி, அந்தோணியாருக்கு வழி தெரியாது என்று நினைத்தாளோ என்னவோ, கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் போட்டிருந்தாள். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அடுத்த சீட்டு கோணல்மாணலான எழுத்தில் இருந்தது.

‘அகால மரணமடைந்த இஞ்ஞாசியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக.’

இடது பக்கத்தில் எழுதிவிட்டு அடுத்ததை எடுத்தேன். அதையும் எழுதினேன். அதற்கடுத்ததையும்.

பிறகுதான் பேனா நின்றது.

இந்த ஊரில் இஞ்ஞாசி என்று ஒருவர்தான் இருந்தார், என் மாமனார். எண்பத்திரண்டு வயதில், கட்டிலில் படுத்தபடி, இன்னொரு காபி கேட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அதை யாரும் அகால மரணம் என்று சொல்ல மாட்டார்கள்.

அவர் பெயரைத்தான் செல்வினுக்கு ஞானஸ்நானத்தில் வைத்தோம். தலையில் தண்ணீர் ஊற்றும்போது தாத்தா பெயரைச் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். அதோடு சரி. பள்ளிக்கூடத்தில், ஆதாரில், தெருவில், எங்கும் அவன் செல்வின்தான். அப்படி ஒரு பெயர் இருப்பது அவனுக்கே மறந்திருக்கும்.

ஆனால் ஆன்மாவுக்குப் பூசை எழுதும்போது மட்டும் ஞானஸ்நானப் பெயரைத்தான் எழுத வேண்டும். இல்லாவிட்டால் பூசை ஆள் மாறிப் போய்விடும் என்று எங்கள் பெண்களுக்கு ஒரு நம்பிக்கை.

அந்தப் பெயர் தெரிந்தவர்கள் நாலே பேர். தண்ணீர் ஊற்றிய சாமி இறந்துவிட்டார். அவன் அப்பா கடலில் இருக்கிறார். நான் இங்கே இருக்கிறேன். இன்னொருத்தி, அன்று அவனைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய், பக்கத்து வீட்டுப் பேபி அக்கா.

பேபி அக்காவின் மகன் ரெனிஷும் செல்வினும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். கடைசியாக அவனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனது ரெனிஷ்தான். மூணாம் மைலில் இறக்கிவிட்டதாகச் சொன்னான். போலீஸிடமும் அதையேதான் சொன்னான். அன்றிலிருந்து காய்ச்சல் என்று வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. நான் நம்பினேன். அவனுக்குக் கஞ்சி கொடுத்தாயா என்றுகூட அக்காவிடம் கேட்டேன்.

அக்கா பதினோரு நாளும் எனக்குச் சோறு கொண்டுவருகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து தலை சீவி விடுகிறாள்.

ரெனிஷ் அவளிடம் என்ன சொன்னானோ, எப்போது சொன்னானோ. ஞானப்பிள்ளையை ஒரு பூசைகூட இல்லாமல் விட அவளுக்கு மனசு வரவில்லை. அம்புரோஸ் அண்ணாச்சிதானே எழுதுவார், இந்தப் பெயர் அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துப் பெட்டியில் போட்டிருப்பாள்.

நெஞ்சு வெடித்துவிடும் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. மரத்துப்போன காலை யாரோ கிள்ளுவதுபோல் இருந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். என்னை வீட்டில் காணாமல் தூக்குச்சட்டியோடு கோவிலுக்கே வந்துவிட்டாள் பேபி அக்கா.

"ஏளா விஜிலா, மத்தியானமும் ஒண்ணும் சாப்பிடலியாமே? புள்ள வந்துருவாம்ளா. அழாத."

நான் அழவில்லை.

சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள் மேசையில் கிடந்த சீட்டுகளையும் என் கையிலிருந்த பேனாவையும் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

எழுந்துபோய் அவள் கையிலிருந்து தூக்குச்சட்டியை வாங்கினேன். இன்னும் சூடாக இருந்தது.

"எங்கன கிடக்கான் அக்கா?" என்று கேட்டேன்.

யார் என்று அவள் கேட்கவில்லை.