பதினாலு மஞ்சள் ஷால்

ஓடையைப் பார்த்துவிட்டுப் பெண்களோடு மாந்தோப்புக்குத் திரும்பிய மோகனாவுக்கு உயிரே போய்விட்டது. வேதாசலம் சாய அண்டாவுக்குள் துருப்பிடித்த கடப்பாரையை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இன்னா பண்றீங்க?"

காது கேட்காதவர் மாதிரி அவர் இன்னும் இரண்டு சுற்று சுற்றினார். மோகனா ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். வெயில் மாதிரி மஞ்சளாக வந்துகொண்டிருந்த பதினாலு ஷாலும் கரிச்சட்டி நிறத்துக்குப் போயிருந்தன.

மோகனா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் வெல்ஃபேர் ஆபீசர். தையல் செக்‌ஷன் பெண்கள் வாரம் முழுக்க ஊசிமுனையைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லையே என்று, மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்களை ஆலங்காயம் பக்கம் மலையடிவாரத்தில் நடக்கக் கூட்டிப்போவது அவள் ஏற்பாடு. நல்லது செய்யப் போனால் எவ்வளவு பேஜார் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். மேனேஜரிடம் அனுமதி வாங்க ஆறு மாதம். வேனுக்கு ஒரு மாதம். நடக்கத் தொடங்கினால் ஒருத்திக்குச் செருப்பு அறுந்துவிடும், இன்னொருத்தி செல்ஃபி எடுத்தே மத்தியானம் ஆக்கிவிடுவாள்.

இந்த மாதம் உதிர்ந்த கடுக்காயைப் பொறுக்கி, தோப்புக்காரரிடம் கேட்டு அடுப்பு மூட்டி, ஷாலுக்குச் சாயம் போடுவதாகத் திட்டம். மறுநாள் பதினாலு பேரும் மஞ்சள் ஷாலோடு வேலைக்கு வந்து கம்பெனி கேட் அருகே நின்று ஒரு போட்டோ. "புது வெள்ளைக் காட்டன் ஷால் மட்டுமே கொண்டு வரவும்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று தடவை போட்டிருந்தாள்.

வேதாசலம் அதே முதலாளியின் தோல் ஷாப்பில் கடுக்காய்த் தண்ணீரில் தோலை ஊறவைத்துப் பதம் போடுகிறவர். மரம், கடுக்காய் எல்லாம் தெரிந்த ஆள் என்று மோகனாதான் சில மாதங்களுக்கு முன்பு இந்தக் கூட்டத்தில் அவரைச் சேர்த்தாள். வாரம் ஆறு நாள் ஈரத்தோல் நாற்றத்தில் நிற்கிற மனுஷன் மலைக்காற்று பட்டதும் ஆளே மாறிவிடுவார். இன்று காலைகூட ஒரு மரங்கொத்தியைக் காட்டுவதற்காக எல்லோரையும் பத்து நிமிடம் மூச்சு விடாமல் நிற்க வைத்தார். அடுத்த நடை எப்போது என்று அவர் கேட்காத வாரம் கிடையாது.

"இருபத்தஞ்சு வருசமா கடுக்காய்லயே கை வெச்சிருக்கீங்க. இரும்பு பட்டா கருத்துடும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம். கிளர்ற கட்ட உடஞ்சிடுச்சி. கைல கெடச்சத எடுத்துட்டேன்."

உடையாத கட்டை அவர் காலடியிலேயே கிடந்தது. தப்பும் செய்துவிட்டு, கண்ணெதிரே பொய்யும் சொல்கிறாரே இந்த மனுஷன்.

பெண்கள் அண்டாவைச் சுற்றி நின்றார்கள். சாவு வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போகலாம் என்றாள் பூர்ணிமா. யாரும் சிரிக்கவில்லை. காலையில் முள்ளில் கை கிழிய ஒவ்வொரு கடுக்காயாகப் பொறுக்கியவர்கள் அவர்கள்.

மோகனா பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"அடுத்த மாசத்துலேர்ந்து நீங்க வர வேணாம்ணா. வேற ஆளப் பாத்துக்கறேன்."

வேதாசலம் தலையை ஆட்டிவிட்டு, கடப்பாரையைக் கழுவி, எடுத்த இடமான பம்ப் செட் அறையில் வைக்கப் போனார்.

திரும்பும்போது வேனில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மலை கண்ணிலிருந்து மறைகிற வரைக்கும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். மோகனாவுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் போட்டோவை நினைத்ததும் எரிச்சல் திரும்ப வந்துவிட்டது.

வாணியம்பாடி நெருங்கும்போது, பின் சீட்டிலிருந்த முத்துமாரி எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆன பெண். ஓடைக்கு வராமல், அடுப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வேதாசலத்தோடு தோப்பிலேயே இருந்தவள் இவள் ஒருத்திதான்.

"மேடம், அண்ணாவ நிறுத்தாதீங்க. என்னாலதான்."

"நீ இன்னா பண்ண?"

"என்னுது புது ஷால் இல்ல மேடம். எங்கம்மாவோட பழைய வெள்ளப் பொடவயக் கிழிச்சி ஓரம் அடிச்சது." குரல் இறங்கியது. "கொடிக்கம்பித் துரு அங்கங்க லேசாப் பட்டிருந்திச்சி. வெள்ளைல அவ்ளோவாத் தெரியல. கடுக்காத் தண்ணில முக்கினதும் அந்த எடமெல்லாம் கருப்பு கருப்பா எழும்பிடுச்சி. உங்க எல்லாருதும் பளிச்சுனு மஞ்சளா இருக்குது, என்னுது மட்டும் எறும்பு மொய்ச்ச மாதிரி. நாளைக்கு அதப் போட்டுக்கிட்டு எல்லார் நடுவுலயும் எப்டி நிக்கறது? அதச் சுருட்டிப் புதர்ல வீசிட்டு, இனிமே நான் வரலன்னு அழுதுட்டேன் மேடம்."

மோகனாவுக்கு, மூன்று தடவை போட்ட அந்த மெசேஜ் ஞாபகம் வந்தது.

"அண்ணா இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல மேடம். புதர்லேர்ந்து என் ஷால எடுத்தாந்து அண்டாவுல எல்லாரோடதுக்கும் நடுவுல போட்டாரு. அப்றந்தான் கடப்பாரை எடுக்கப் போனாரு."