பதிந்தது என்று வந்திருக்கிறது

மின்விசிறிகளின் இரைச்சலுக்கு நடுவே, மருத்துவமனையின் கணினி சர்வர்களைப் பராமரிக்கும் அவள், உப்பிப்போன பேட்டரி ஒன்றை உள்ளங்கையில் வைத்தபடி நிற்கிறாள். சோப்புக் கட்டி அளவுதான். வார்டு, மருந்தகம், ஆய்வகம் என்று சர்வர்கள் அத்தனையையும் தன் வயிற்றுக்குள் ஓட்டும் ஒரே எந்திரம் எதிரே பச்சை விளக்குகளைச் சிமிட்டுகிறது. வருகிற தகவல் டிஸ்க்கில் நிரந்தரமாக இறங்கும்வரை, மின்சாரம் போனாலும் தற்காலிக மெமரியில் அதைக் கட்டிக்காக்க வேண்டியது இந்தப் பேட்டரிதான். செத்து எத்தனை நாளாயிற்றோ. எந்திரமோ வேகத்துக்காக, மெமரியில் வாங்கிய கையோடு 'பதிந்தது' என்று வாய்கூசாமல் சொல்லிவந்திருக்கிறது. நேற்று மதியம் மின்சாரம் போனதில், வார்டு நர்ஸ் ஒருத்தி தான் போட்ட ஊசியைப் பற்றி அப்போதுதான் ஏற்றியிருந்த குறிப்பும் அழிந்துபோயிற்று. அடுத்து வந்த நர்ஸ், குறிப்பைக் காணாததால், அதே ஊசியை மறுபடி போட்டாள். அந்தப் பெரியவர் இன்னும் கண் திறக்கவில்லை.

மேசைமேல் போன் ஒலிக்கிறது. முதல் ஊசியைப் போட்ட அதே நர்ஸ்தான்.

"என்னம்மா, காலையிலேர்ந்து ஒரு வரி ஏத்துறதுக்குள்ள ஸ்க்ரீன் சுத்திக்கிட்டே நிக்குது?"

"நான்தான் மாத்தினேன்க்கா. இனிமே டிஸ்க்ல எழுதி முடிச்ச பிறகுதான் பதிஞ்சுதுன்னு சொல்லும். மெதுவாத்தான் இருக்கும்."

மறுமுனையில் யாரோ இருமுவதும், தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிடுவதும் கேட்கின்றன. எந்திரத்தில் ஒரு விளக்கு படபடத்து அடங்குகிறது.

"இப்ப பதிஞ்சுதுன்னு வந்திருக்கு," என்கிறாள் நர்ஸ். பிறகு, குரல் இறங்கி: "நேத்தும் இதையேதாம்மா சொல்லிச்சு."