திருமானூர் லைன்

வெளியே பேச ஒன்பதை அமுக்க வேண்டும் என்பதுதான் முதல் விதி. அதை டெலிபோன் பெட்டியில் ஏற்றிய கையோடு அரவிந்தன் அம்சவள்ளியின் நாற்காலிக்கு உலை வைத்துவிட்டான்.

அவன் மேல் குற்றமில்லை. அரியலூரிலிருந்து புது டெலிபோன் பெட்டி மாட்ட வந்தவன்.

பெரம்பலூர் மக்காச்சோள மண்டியில் பத்தொன்பது வருஷமாக வெளி லைன் என்றால் அம்சவள்ளிதான். யாருக்கு யார் வேண்டுமோ அவளிடம் சொல்வார்கள், அவள் நம்பரைப் போட்டுக் கொடுப்பாள். செல்போன் எல்லாரிடமும் இருந்தது. ஆனால் வியாபாரப் பேச்சு ஆபீஸ் போனில்தான் என்பது முதலாளி சிவசுப்பிரமணியனின் கொள்கை.

இனி அவரவரே போட்டுக்கொள்ளலாம். திங்கட்கிழமையிலிருந்து அம்சவள்ளிக்கு லப்பைக்குடிக்காடு குடோனில் எடைமேடை. இரண்டு பஸ் மாற வேண்டும், மூக்கு நிறையச் சோளத் தூசி, அவளுக்கு வீசிங் வேறு.

முதலாளி விதிகளைச் சொல்லச் சொல்ல, அரவிந்தன் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டே வந்தான்.

அக்கவுண்ட்ஸ் கலைவாணன் அரியலூர் வரைக்கும் பேசலாம், அதற்கு மேல் கூடாது. வாட்ச்மேனுக்குப் போலீசும் தீயணைப்பும் மட்டும். ஆம்புலன்சுக்கு ஒன்பது வேண்டாம். பதறிப்போய் நிற்கிறவன் ஒன்பதையா தேடிக்கொண்டிருப்பான்? டீ போடும் ரத்தினம்மாள் வெளியே பேசவே கூடாது. ரத்தினம்மாளின் மேடையில் போனே கிடையாது, இருந்தாலும் விதி விதிதான்.

ஏழாவது விதிக்கு வந்தபோது முதலாளியின் குரல் ஏறியது.

“திருமானூர் நம்பர் ஒண்ணு இருக்கு தம்பி. அதுக்கு இந்த ஆபீஸ்லேர்ந்து ஒரு போனும் போவக் கூடாது. என் போன்லேர்ந்துங்கூட. கை தவறிக்கூட போயிடக் கூடாது, பாத்துக்க.”

அது அவருடைய சகலையின் நம்பர். சகலைக்குத் திருமானூரில் நெல் வியாபாரம். நாலு வருஷத்துக்கு முன் தன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நேரில் வந்து தாம்பூலம் வைத்துக் கூப்பிடாமல், போனிலேயே கூப்பிட்டுவிட்டார். அந்த ஆளுக்கு இனி நானாக போன் பண்ண மாட்டேன் என்று சிவசுப்பிரமணியன் சபதம் போட்டார். விசேஷத்துக்கு வராத ஆளுக்கு நானும் பண்ண மாட்டேன் என்று அந்தப் பக்கமும் ஒரு சபதம்.

ஆனால் இங்கிருந்து சோளம் ஏற்றிப்போகும் லாரிதான் அங்கிருந்து நெல் ஏற்றித் திரும்பும். பேசாமல் ஆகுமா? சகலைதான் முதலில் இறங்கி வந்தார் என்பது ஆபீஸ் பேச்சு. தினமும் காலை பத்து மணிக்குத் திருமானூர் லைன் என்று அம்சவள்ளி உள்ளே கொடுப்பாள். முதலாளி ஐந்து தரம் மணியடிக்க விட்டுத்தான் எடுப்பார். பேசி முடித்து, அவனேதான் கூப்பிடுகிறான் பார் என்று நாலு பேரிடம் சொன்ன பிறகுதான் அவருக்கு டீ இறங்கும்.

“எல்லா போன்லயும் அடைச்சாச்சு. உங்க போன்லயுந்தாங்க்கா,” என்றான் அரவிந்தன்.

அம்சவள்ளி கடிகாரத்தைப் பார்த்தாள்.

பத்து ஆயிற்று. திருமானூர் லைன் இல்லை.

பத்தேகாலுக்கு முதலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பத்தரைக்கு வெளியே வந்தே நின்றார். லாரி டிரைவர் அமாவாசை, வண்டியை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலில் பல் குத்திக்கொண்டிருந்தார்.

“அவனுக்கு பிரஷர் வேற இருக்கு. ஒடம்புக்கு ஏதும் முடியலையோ,” என்றார் முதலாளி. சகலை என்றால் அவருக்கு உயிர், அதை ஒத்துக்கொள்ளத்தான் மனசு வராது.

புதுப் பெட்டி மேல் பழி விழுமோ என்று பயந்த அரவிந்தன், பழைய பெட்டியில் பதிவாகியிருந்த ஒரு மாதத்து அழைப்புகளை அச்செடுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

“சார், அந்த நம்பர்லேர்ந்து இந்த மாசம் ஒரு கால்கூட உள்ள வரலைங்க. தெனம் பத்து மணிக்கு அக்கா போன்லேர்ந்துதான் அங்க போயிருக்கு.”

எல்லாரும் அம்சவள்ளியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நாலு வருஷமாக நடந்தது அதுதான். திருமானூருக்குப் போட்டு, பெரம்பலூர் ஐயா கூப்பிடுகிறார் என்பாள். இந்தப் பக்கம் திரும்பி, திருமானூர் ஐயா கூப்பிடுகிறார் என்பாள். இரண்டு பேரும் தினமும் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள்.

இனி எடைமேடைகூடக் கிடைக்காது. அம்சவள்ளி எழுந்து, நாற்காலியில் போட்டிருந்த தன் குஷனை டிபன் பைக்குள் திணித்தாள்.

சிவசுப்பிரமணியன் அந்தக் காகிதத்தை இரண்டு தரம் படித்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“தம்பி, அந்த ஏழாவது விதி அம்சவள்ளி போனுக்குக் கெடையாது. அந்தம்மா எடைமேடைக்கும் போவல.”

யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்சவள்ளி குஷனை மறுபடி போட்டு உட்கார்ந்தாள். அரவிந்தன் விதியை மாற்றியதும் ஒன்பதை அமுக்கி, திருமானூருக்குப் போட்டாள்.

முதல் மணி முடியும் முன்பே அந்தப் பக்கம் எடுத்தார்கள். சகலையேதான்.

“ஏம்மா இன்னிக்கி இவ்ளோ நேரம்? பயந்தே போயிட்டேன். சீக்கிரம் குடு. நாந்தான் கூப்புட்டேன்னு எப்பவும் போல சொல்லிடு.”

அம்சவள்ளி அப்படியே சொல்ல, முதலாளியின் அறையில் மணி அடித்தது. ஐந்து தரம் அடிக்க விட்டுத்தான் எடுத்தார்.