புழு அரித்த விறகு

ஆசாரியர் குடும்பத்தில்தான் பிறந்தேன். ஆனால் இடது கால் குட்டை என்பதால் பலிபீடத்தை நெருங்கக் கூடாது. எருசலேம் ஆலயத்தின் விறகு அறையில் உட்கார்ந்து, பலிபீடத்துக்கு ஆகாத புழு அரித்த கட்டைகளைப் பொறுக்கி எறிவதுதான் என் ஊழியம். பழுதைக் கண்டுபிடிக்கப் பழுதானவனை வைத்திருக்கிறார்கள், பொருத்தமான ஏற்பாடுதான்.

அன்று, பலி ஆடுகளைச் சோதிக்கும் என் தம்பி இத்தாமார் வாசலில் கத்தினான்.

"அந்த நொண்டியை அப்பால கொண்டு போ!"

பழக்கதோஷத்தில் நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவன் சொன்னது ஒரு பெண் கொண்டுவந்த ஆட்டுக்குட்டியை.

"மூணு நாளா தோள்ல சுமந்துட்டு வரேன் சாமி. எம்புள்ள பிழைச்சா தர்றேன்னு நேர்ந்துக்கிட்ட குட்டி."

"ஊனமானதையா கடவுளுக்குக் கொடுப்ப?"

"எம்புள்ள பிழைச்சான், கால் போயிடுச்சு. நொண்டின்னு நான் அவனைத் திருப்பிக் கொடுத்தேனா?"

தம்பி அடுத்த ஆட்டின் வாயைப் பிளந்து பார்த்தான். அவள் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நொண்டிக்கொண்டே உள்ளே போய், கழித்துப் போட்டதில் புழு நெளியும் கட்டை ஒன்றை எடுத்து, நல்ல விறகுக்கு நடுவில் செருகினேன்.

சாயங்காலப் பலியில் அதுவும் சேர்ந்துதான் எரிந்தது. புகை நேராக மேலே போனது. தம்பி பக்தியோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். எது எந்தக் கட்டையின் புகை என்று அவனால் சோதிக்க முடியவில்லை.