ஏத்து

அறையில் இருந்தவர்கள்: அறுத்த சர்ஜன், மயக்கம் கொடுத்த டாக்டர், தியேட்டர் தலைமை நர்ஸ், இதயம் நின்றிருந்த நேரமெல்லாம் ரத்தத்தை ஓட்டிய மெஷின்காரி.

இல்லாதவர்: இதய ஆபரேஷனுக்கு வந்து, கறுத்துப்போன குடலில் நாலடியைப் பறிகொடுத்த பஸ் டிரைவர்.

"சுகர் பேஷண்ட். ரத்தக் குழாயெல்லாம் ஏற்கெனவே கெட்டது. அப்படியே எழுதிடுங்க" என்றார் சர்ஜன்.

மெஷின்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆபரேஷனின்போது, ரத்தம் மறைக்கிறது என்று மெஷினில் ஓட்டத்தைக் குறைக்கச் சொன்னவர் அவர்தான். குறைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தலை நிமிராமலே, "ஏத்து" என்றார்.

எதை என்று சொல்லவில்லை.

மயக்க டாக்டர் பிரஷரை ஏற்றினார். குழாய்களை இறுக்குகிற மருந்து. திரையில் ஐம்பது எழுபத்தைந்தானது. எல்லோருக்கும் நிம்மதி.

ஓட்டம் மட்டும் ஏறவில்லை. நாற்பது நிமிடம். இருந்த ரத்தத்தை மூளைக்குக் கொடுத்துவிட்டு உடம்பு வயிற்றைக் கட்டியது. குடலுக்கு ஆக்சிஜன் போகிறதா என்று காட்ட அங்கே எந்தத் திரையும் இல்லை.

"நீங்க ஏத்தச் சொன்னது ஓட்டத்தை, சார்" என்றாள் இப்போது.

"அப்ப நீ என்ன பண்ணே? பூப்பறிச்சிட்டிருந்தியா?"

மயக்க டாக்டர் சிரித்தார். நர்ஸ் தன் நகத்தைப் பார்த்தாள்.

மூன்று கையெழுத்து விழுந்த தாள் மெஷின்காரியிடம் வந்தது. அதை அப்படியே மேஜையில் விட்டுவிட்டு எழுந்து போனாள். தாழ்வாரத்தின் கோடியில் உறவினர் அறை. டிரைவரின் மனைவி மட்டும் இருந்தாள்.

"நீயாவது சொல்லும்மா. நெஞ்சுல ஆபரேஷன் பண்ணா குடல் எப்படிக் கெடும்?"

தாழ்வாரத்தில் சர்ஜனின் செருப்பு வேகமாக வந்துகொண்டிருந்தது.

அன்று "ஏத்து" என்றபோது, ஓட்டத்தைத்தான் சொல்கிறார் என்று மெஷின்காரிக்கு அந்த நொடியே தெரியும். முந்தின வாரம், சொல்வதற்கு முன்பே கூட்டிவிட்டாள் என்று எல்லோர் முன்னாலும் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். இந்த முறை வாயைத் திறந்து முழுசாகச் சொல்லட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் சொல்லவில்லை. திரையில் எழுபத்தைந்து. அது அவளுக்கும் வசதியாக இருந்தது.

"உட்காருங்கக்கா. பண்ணவளே சொல்றேன்."

கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டாள்.